உலை எங்கோ, வெந்நீர் வீட்டுக்குள்: பயோமாஸ் வெப்ப வலை இயங்கும் விதம்

குளிர் நாடுகளில் புதிதாகக் கட்டப்படும் அடுக்குமாடிகள் பலவற்றில் வீட்டுக்கென்று தனி பாய்லர் கிடையாது. கேஸ் இணைப்பும் கிடையாது. வாசலுக்கு அருகே ஓர் அலமாரிக்குள் வெள்ளைப் பெட்டி ஒன்று மாட்டியிருக்கும். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குச் சூடு அதிலிருந்து போகிறது, குளியலறைக்கு வெந்நீரும் அதிலிருந்தே வருகிறது. மாதம் முடிந்ததும் ‘வெப்பக் கட்டணம்’ என்று தனியாக ஒரு பில் வந்து நிற்கிறது.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. இந்தச் சூடு பல இடங்களில் பயோமாஸ், அதாவது மரம் போன்ற தாவர எரிபொருள், எரியும் ஒரு பொது பாய்லரிலிருந்து வருகிறது. எங்கோ மரத்தை எரித்து, அந்தச் சூட்டை நூறு வீடுகளுக்குப் பகிர்வது எப்படி? அந்தப் பாய்லர் அணைந்தால் எல்லா வீடும் குளிர்ந்துவிடுமா? வெந்நீரையே திறக்காத மாதத்துக்கும் ஏன் கட்டணம்? மரத்தை எரிப்பது பசுமை என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்கள்?

பொதுவிவாதம் பெரும்பாலும் கடைசிக் கேள்வியையே சுற்றிவருகிறது. அது முக்கியமான கேள்விதான். ஆனால் வீட்டில் இருப்பவருக்குச் சூடு ஒழுங்காக, நியாயமான விலையில் கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பதில் பலர் கவனிக்காத ஓர் எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு: வீடுகளுக்குச் சூடாகப் போன நீர் எத்தனை டிகிரிக்கு ஆறித் திரும்பி வருகிறது என்பது. அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு அடிப்படையிலிருந்து வரவேண்டும்.

## மூன்று பகுதிகள்

டிஸ்டிரிக்ட் ஹீட்டிங் எனப்படும் இந்த ஏற்பாட்டை இங்கே ‘வெப்ப வலை’ என்று சுருக்கமாகச் சொல்வோம். எரிபொருள் எதுவானாலும் எல்லா வெப்ப வலைகளிலும் மூன்று பகுதிகள் உண்டு.

1. வெப்ப நிலையம். தண்ணீரைச் சூடாக்கும் இடம். பயோமாஸ் நிலையம் என்றால் இங்கே எரிவது பெரும்பாலும் மரச்சில்லு அல்லது பெல்லட். சில நாடுகளில் வைக்கோலும் உண்டு.

2. குழாய் வலை. மண்ணுக்கடியில் இரண்டு குழாய்கள் ஜோடியாக ஓடும். ஒன்றில் சூடான நீர் கட்டடங்களுக்குப் போகிறது. மற்றொன்றில், வெப்பத்தை இறக்கிவிட்ட நீர் நிலையத்துக்குத் திரும்புகிறது. முதலாவதைப் ‘போகும் நீர்’ என்றும் இரண்டாவதைத் ‘திரும்பும் நீர்’ என்றும் வைத்துக்கொள்வோம்.

3. வீட்டு இணைப்பு. வலையிலிருந்து வெப்பத்தை எடுத்து, அளந்து, வீட்டுக்குள் அனுப்பும் அந்த வெள்ளைப் பெட்டி.

வலைக்குள் ஓடுவது மூடிய சுற்றில் திரும்பத் திரும்ப ஓடும் ஒரே தண்ணீர். துருப் பிடிக்காமலிருக்க அதில் மருந்து கலந்திருக்கும். குளியலறைக் குழாயில் வருவது அந்த நீர் அல்ல. வழக்கமான குடிநீர்க் குழாயில் வரும் குளிர்நீர்தான் அந்தப் பெட்டிக்குள் சூடாகி வெளியே வருகிறது. அடுத்த வீட்டுக்காரர் பயன்படுத்திய தண்ணீர் நமக்கு வருமோ என்ற பயத்துக்கு இடமில்லை.

யோசனை பழையது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து லாக்போர்ட் ஊரில் 1877இல் பேர்ட்சில் ஹாலி என்பவர் ஒரு மைய பாய்லரிலிருந்து நீராவியைக் குழாய் வழியே கட்டடங்களுக்கு விற்கத் தொடங்கினார். நீராவி ஆபத்தானது, வழியில் நிறைய வீணாவது. ஆகவே பின்னாளில் அழுத்தமேற்றிய சுடுநீர் வந்தது. அதன் பிறகு 100 டிகிரிக்கும் குறைவான சுடுநீர். இப்போது 50 முதல் 70 டிகிரி வரை போதும் என்கிற நிலைக்கு வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் வெப்பநிலை இறங்கிக்கொண்டே வந்திருப்பதைக் கவனியுங்கள்.

இன்று டென்மார்க்கில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் இப்படித்தான் சூடேறுகின்றன. ஸ்வீடனின் வெக்ஷோ நகரம் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1980இல், தன் வெப்ப நிலையத்தில் எண்ணெய்க்குப் பதில் மர எரிபொருளைக் கொண்டுவந்தது.

## எரிபொருள்: எல்லாம் ஈரத்தில் இருக்கிறது

மரச்சில்லு என்பது கிளைகளையும் தரம் குறைந்த தண்டுகளையும் இயந்திரத்தில் போட்டு வெட்டிய துண்டுகள். பெல்லட் என்பது உலர்ந்த மரத்தூளை அழுத்தி உருட்டிய சிறு குச்சிகள். இரண்டும் மரம்தான். வேறுபாடு ஈரத்தில்.

மரத்தில் உள்ள தண்ணீரை ஆவியாக்க வெப்பம் செலவாகும். 30 சதவீத ஈரம் உள்ள சில்லு ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 3.5 கிலோவாட் மணி, அதாவது மூன்றரை யூனிட் வெப்பம் கிடைக்கும். 10 சதவீதத்துக்கும் குறைவான ஈரமுள்ள பெல்லட் கிலோவுக்கு 4.8 யூனிட் தரும். கொள்ளளவில் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. ஒரு கன மீட்டர் சில்லில் சுமார் 875 யூனிட். ஒரு கன மீட்டர் பெல்லட்டில் 3,000 யூனிட்டுக்கு மேல். அதனால் நகரத்துக்குள் இடநெருக்கடி உள்ள கட்டடங்களுக்குப் பெல்லட் பொருந்தும். காடும் மர அறுவை ஆலையும் பக்கத்தில் உள்ள ஊருக்குச் சில்லு மலிவு.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 100 வீடுகள், வீட்டுக்கு ஆண்டுக்கு 4,000 யூனிட் வெப்பம் தேவை என்று கொள்வோம். மொத்தம் 4 லட்சம் யூனிட். குழாய்களில் வீணாவதையும் சேர்த்து நிலையம் 5 லட்சம் யூனிட் அனுப்பவேண்டும். பாய்லரின் திறன் 85 சதவீதம் என்றால் எரிபொருளில் 5.9 லட்சம் யூனிட் இருக்கவேண்டும். இது ஏறத்தாழ 170 டன் சில்லு. 40 கன மீட்டர் பிடிக்கும் லாரியில் ஆண்டுக்குப் பதினேழு நடை. குளிர்காலத்தில் அடுத்தடுத்து வரும், கோடையில் எப்போதாவது. லாரி திரும்ப இடமில்லாத முற்றத்தில் நிலையத்தைக் கட்டிவிட்டுப் பிறகு திண்டாடிய திட்டங்களும் உண்டு. எரிசக்தித் திட்டம் என்று பேசினாலும் இதில் பாதி போக்குவரத்து வேலை.

பெல்லட் கிடங்கைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். சேமித்து வைத்த பெல்லட்டிலிருந்து கார்பன் மோனாக்சைடு மெல்ல வெளியேறும். மணமோ நிறமோ இல்லாத நச்சு வாயு அது. காற்றோட்டமில்லாத பெல்லட் அறைக்குள் இறங்கி இறந்தவர்கள் ஐரோப்பாவில் உண்டு. காற்றைச் சோதிக்காமல் அந்த அறைக்குள் யாரும் நுழையக்கூடாது.

## உலைக்குள் நடப்பது

கிடங்கின் தரையே மெல்ல நகர்ந்து எரிபொருளைத் தள்ளும். அங்கிருந்து, திருகு போலச் சுழன்று தள்ளும் ஸ்க்ரூ கன்வேயர் அதை உலைக்குக் கொண்டுபோகிறது. நீளமான ஒரு குச்சி குறுக்கே மாட்டிக்கொண்டால் போதும், கன்வேயர் நின்றுவிடும். பயோமாஸ் நிலையங்கள் நிற்பதற்கு உலைக் கோளாறைவிட இந்தச் சில்லறைக் காரணம்தான் அடிக்கடி காரணமாகிறது. உலைத் தீ பின்னோக்கிப் பரவி கிடங்கை எட்டாமலிருக்க இடையில் சுழலும் தடுப்பு வால்வும் தண்ணீர் தெளிப்பானும் இருக்கும்.

உள்ளே, படிப்படியாக இறங்கும் இரும்புத் தட்டுகளின் மேல் மரம் நகர்கிறது. முதற்பகுதியில் ஈரம் உலர்கிறது. நடுப்பகுதியில் மரத்திலிருந்து எரிவாயுக்கள் பிரிகின்றன. சுவாலையாகத் தெரிவது இவைதான். இவை முழுமையாக எரிய மேலிருந்து இன்னொரு காற்றோட்டம் தரப்படுகிறது. கடைசியில் மிஞ்சும் கரி தணலாகி எரிந்து சாம்பல் விழுகிறது. சுத்தமான மரமானால் உலர் எடையில் ஒரு சதவீதத்துக்குள்தான் சாம்பல் மிஞ்சும். நம் நூறு வீட்டுக் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் ஒரு டன்.

உலையின் உட்புறம் முழுக்க வெப்பம் தாங்கும் செங்கல் பதித்திருக்கும். அது சூடேற நேரமாகும், சூடேறினால் ஆறவும் நேரமாகும். கேஸ் பாய்லர் திருகினால் எரியும், திருகினால் அணையும். பயோமாஸ் பாய்லரோ விறகடுப்பின் சுபாவம் கொண்டது; பற்றவைக்கவும் பொறுமை வேண்டும், அணைக்கவும் பொறுமை வேண்டும். முழு அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறக்கினால் எரிதல் கெட்டுப் புகையும் தாரும் சேரும். அடிக்கடி அணைத்துப் பற்றவைத்தால் திறனும் ஆயுளும் குறையும்.

ஆனால் வீடுகளின் தேவை இதற்கு நேர்மாறு. காலை ஏழு மணிக்கு எகிறும், பத்து மணிக்குச் சரியும், இரவில் கிட்டத்தட்ட ஒன்றுமிராது. நிதானமான உலையை நிதானமற்ற தேவையோடு இணைப்பதுதான் இந்தப் பொறியியலின் மையப் பிரச்சினை. அதற்கு இரண்டு தீர்வுகள்.

## பாய்லர் ஏன் சிறியது, தொட்டி ஏன் பெரியது

முதல் தீர்வு: பயோமாஸ் பாய்லரை உச்சத் தேவைக்கு வாங்காமல் பாதி அளவுக்கு வாங்குவது. மிகக் கடுங்குளிர் ஆண்டில் சில நாட்களே இருக்கும். உச்சத்தில் பாதி அளவுள்ள பாய்லர், ஓய்வில்லாமல் ஓடினால், ஆண்டின் மொத்த வெப்பத்தில் 80 சதவீதத்துக்கு மேல் தந்துவிடும். மிச்சத்துக்கு ஒரு கேஸ் அல்லது எண்ணெய் பாய்லர் துணைக்கு நிற்கும். பயோமாஸ் பாய்லர் நின்றாலும் வீடுகள் குளிராமலிருப்பது இந்தத் துணை பாய்லரால்தான். ‘நூறு சதவீதம் மரம்’ என்று விளம்பரப்படுத்திய நிலையத்தில் கேஸ் ஓடுகிறதே என்று கோபப்படுபவர்கள் உண்டு. ஆண்டில் சில வாரம் ஓடினால் அது வடிவமைப்பு. மாதக்கணக்கில் ஓடினால் பயோமாஸ் பாய்லரில் ஏதோ கோளாறு என்று பொருள்; கோபத்துக்கு அப்போதுதான் நியாயம்.

இரண்டாவது தீர்வு: சுடுநீர்த் தேக்கத் தொட்டி. இரவில் தேவை குறைந்த நேரத்தில் பாய்லர் உண்டாக்கும் வெப்பம் இதில் சேரும், காலையில் இறங்கும். தொட்டிக்குள் சூடான நீர் மேலேயும் ஆறிய நீர் கீழேயும் கலக்காமல் அடுக்காக நிற்கும்.

அந்த எண் முதலில் தலைகாட்டுவது இந்தத் தொட்டியில்தான். ஒரு கன மீட்டர் நீர் ஒரு டிகிரி சூடேற 1.16 யூனிட் வேண்டும். 10 கன மீட்டர் தொட்டியில் மேலே 80 டிகிரி நீர். வலையிலிருந்து திரும்பும் நீர் 45 டிகிரி. இடைவெளி 35. அப்படியானால் தொட்டி 400 யூனிட் பிடிக்கும். அதே தொட்டி, ஆனால் நீர் 65 டிகிரியில் திரும்புகிறது என்றால் இடைவெளி 15தான். இப்போது பிடிப்பது 174 யூனிட். வாங்கிய தொட்டியில் பாதிக்கு மேல் பயனில்லாமல் போய்விட்டது.

## குழாய் வழியே

நவீன வெப்பக் குழாய் மூன்று அடுக்கு கொண்டது: உள்ளே எஃகு, சுற்றிலும் பாலியூரித்தேன் நுரை, வெளியே பாலிஎத்திலீன் உறை. நுரைக்குள் மெல்லிய செப்புக் கம்பிகள் ஓடும். எங்காவது ஈரம் புகுந்தால் கம்பியின் மின் அளவீடு மாறும். தெருவைத் தோண்டாமலேயே கசிவின் இடத்தைக் கணித்துவிடலாம். எவ்வளவு போர்த்தினாலும் கொஞ்சம் வெப்பம் மண்ணுக்குப் போகத்தான் செய்யும். டென்மார்க்கில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு இப்படி வீணாகிறது, அங்கே அது ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு.

## அந்த வெள்ளைப் பெட்டிக்குள்

பெட்டியின் மூடியைக் கழற்றினால் செங்கல் அளவில் ஓர் உலோகக் கட்டி கண்ணில் படும். அதுதான் தகட்டு வெப்பப் பரிமாற்றி. மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் பல, நெளிநெளியாக, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும். ஒரு இடுக்கில் வலையின் சுடுநீர், அடுத்த இடுக்கில் வீட்டுக் குளிர்நீர், அதற்கடுத்து மறுபடி சுடுநீர். இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடும். ஒன்றோடொன்று கலக்காது, தகடு வழியாக வெப்பம் மட்டும் கடக்கும்.

குளியலறையில் வெந்நீரைத் திறந்ததும் நடப்பது இது:

1. குளிர்நீர் நகரத் தொடங்கியதை உணரி கண்டுகொள்கிறது.

2. ரேடியேட்டர் பக்கம் தற்காலிகமாக நின்று, வெப்பம் முழுவதும் வெந்நீருக்குத் திருப்பப்படுகிறது. அறை ஆறுவதற்குள் குளித்து முடித்துவிடுவதால் இது யாருக்கும் தெரிவதில்லை.

3. வலையின் வால்வு திறந்து 65 அல்லது 70 டிகிரி நீர் பரிமாற்றிக்குள் பாய்கிறது.

4. 10 டிகிரியில் நுழைந்த குளிர்நீர் 50 டிகிரியில் வெளியேறிக் குழாய்க்குப் போகிறது.

5. வலையின் நீர், வெப்பத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, நல்ல பெட்டியானால் 25 டிகிரிக்கும் கீழே ஆறித் திரும்புகிறது.

குழாயில் வரும் வெந்நீர் வீட்டில் எங்கும் சேமித்து வைக்கப்படுவதில்லை. இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. லெஜியோனெல்லா என்ற நிமோனியா உண்டாக்கும் பாக்டீரியா, தேங்கி நிற்கும் 20 முதல் 45 டிகிரி வெதுவெதுப்பான நீரில் பெருகும். தொட்டியில் வெந்நீர் வைப்பவர்கள் அதை 60 டிகிரியில் வைத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். உடனுக்குடன் சூடாக்கும் பெட்டியில் தேங்கும் நீரின் அளவே சொற்பம்.

இதே பெட்டியில்தான் வெப்ப மீட்டரும் இருக்கிறது. வெப்பத்தை அது நேரடியாக அளப்பதில்லை. எத்தனை லிட்டர் ஓடியது, எத்தனை டிகிரியில் வந்தது, எத்தனை டிகிரியில் திரும்பியது என்ற மூன்றையும் அளந்து பெருக்கி யூனிட்டாகக் காட்டும். ஆயிரம் லிட்டர் ஓடி, 70இல் வந்து 40இல் திரும்பினால் 35 யூனிட். உணரிகளில் ஒன்று சரியாகப் பொருந்தாமல் இருந்தாலும் கணக்கு தப்பும்.

## குளியல்தான் பெரிய சுமை

வெப்பம் வெளியேறாதபடி நன்றாகக் காப்பிட்ட புதிய பிளாட்டைக் கடுங்குளிரில் சூடாக வைக்க 3 முதல் 5 கிலோவாட் போதும். ஒரு ஷவர், நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம், 10 டிகிரி நீரை 40 டிகிரிக்குச் சூடாக்க 21 கிலோவாட் கேட்கிறது. சமையலறைக் குழாயும் கூடவே திறந்தால் 35 கிலோவாட்டைத் தாண்டும்.

அப்படியானால் நூறு வீட்டுக்கு 3,500 கிலோவாட் வேண்டுமா? வேண்டாம். நூறு வீட்டிலும் ஒரே நிமிடத்தில் யாரும் குளிப்பதில்லை. வெந்நீருக்கான உச்சத் தேவையை மதிப்பிட டென்மார்க்கின் தரநிலைச் சூத்திரம் ஒன்று பல நாடுகளில் பயன்படுகிறது. அதன்படி நூறு வீட்டின் கூட்டு உச்சம் அந்த 3,500இல் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பொது வலையின் பொருளாதாரப் பலமே இதுதான். ஆனால் சில வடிவமைப்பாளர்கள் பயந்து மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று கூட்டிவிடுகிறார்கள். குழாய் பெரிதாகிறது, வெப்ப இழப்பு கூடுகிறது, பயோமாஸ் பாய்லர் தன் குறைந்தபட்ச அளவுக்கும் கீழே தள்ளப்பட்டு அணைந்தணைந்து எரிகிறது. பாதுகாப்புக்காகப் போட்ட கூடுதல் அளவே கோளாறுக்குக் காரணமாகிவிடுகிறது.

## திரும்பும் நீர் சூடாக இருந்தால் என்ன கெடும்?

இப்போது அந்த எண்ணுக்கு வரலாம். குழாய் கொண்டுசெல்லும் வெப்பம் இரண்டைப் பொறுத்தது: எவ்வளவு நீர் ஓடுகிறது, போகும்போதும் திரும்பும்போதும் உள்ள வெப்பநிலை இடைவெளி எவ்வளவு. இடைவெளி பாதியானால் அதே வெப்பத்துக்கு நீர் இரண்டு மடங்கு ஓடவேண்டும். அதே குழாயில் இரண்டு மடங்கு நீரைத் தள்ள பம்புக்கு ஏறத்தாழ எட்டு மடங்கு மின்சாரம் தேவை.

விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்:

1. பம்ப் மின்கட்டணம் ஏறும்.

2. தேக்கத் தொட்டியின் கொள்ளளவு சுருங்கும். பாய்லரால் இரவில் சேமிக்க முடியாது; காலையில் கேஸ் பாய்லர் கிளம்பும். மரத்துக்கென்று போட்ட முதலீடு படுத்துக்கிடக்க, கேஸ் எரியும்.

3. திரும்பும் குழாயிலும் வெப்பம் வீணாகும்.

4. புகையிலிருந்து வெப்பம் மீட்கும் வாய்ப்பு போய்விடும்.

நான்காவதைக் கொஞ்சம் விரிக்கவேண்டும். ஈர மரம் எரியும்போது வெளியேறும் புகையில் நீராவி நிறைய. ஸ்வீடன், ஃபின்லாந்து போன்ற நாடுகளின் பெரிய நிலையங்களில் அந்த ஆவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கி, அது விடும் வெப்பத்தையும் வலைக்கே அனுப்புகிறார்கள். இதனால் வெப்ப உற்பத்தி 20 சதவீதத்துக்கு மேலும் கூடும். ஆனால் புகையைக் குளிர்விப்பதே திரும்பும் நீர்தான். அது 60 டிகிரிக்கும் கீழே, இன்னும் நல்லது 50க்கும் கீழே, வந்தால்தான் ஆவி நீராகும்.

இதில் ஒரு நுணுக்கம். ஆறிய நீரை நேராகப் பாய்லருக்குள் விட்டால் உள்சுவரில் அமிலமும் தாரும் படிந்து அரித்துவிடும். அதற்காகப் பாய்லர் வாயிலில் கலவை வால்வு வைத்து, கொஞ்சம் சுடுநீரைச் சேர்த்து 60 டிகிரிக்கு மேல் ஏற்றியே உள்ளே விடுகிறார்கள். ‘பயோமாஸ் பாய்லருக்குச் சூடான திரும்பு நீர்தான் வேண்டும்’ என்று சில பராமரிப்பாளர்கள் சொல்வது இந்தக் கலவை வால்வின் வேலையை வலை முழுவதன் தலையிலும் கட்டுவதாகும்.

சரி, நீர் ஏன் ஆறாமல் திரும்புகிறது? எங்கோ ஓரிடத்தில் சுடுநீர் வேலை செய்யாமலே குறுக்குவழியில் திரும்பும் குழாய்க்குப் போய்விடுகிறது. கட்டுமானத்தின்போது குழாயைக் கழுவுவதற்கு வைத்த இணைப்பு வால்வை மூட மறந்திருப்பார்கள். ரேடியேட்டருக்குத் தேவைக்கு மேல் நீர் பாயும்படி விட்டிருப்பார்கள். வெந்நீர் உடனே வரட்டும் என்று, யாரும் திறக்காத நேரத்திலும் பரிமாற்றியைச் சூடாக வைத்திருக்கும்படி பெட்டிகளை அமைத்திருப்பார்கள். ஒரு வீட்டில் இது சிறு ஒழுக்கு. இருநூறு வீட்டில் ஆறு.

கட்டடத்துக்குள் இதன் அடையாளம் எளிது: கோடையிலும் நடைபாதை வெக்கையாக இருக்கும். குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் முதலில் வெதுவெதுப்பாக வரும்.

## பில்லில் என்ன இருக்கிறது

குழாயும் பெட்டியும் ஆண்டு முழுவதும், 8,760 மணி நேரமும், சூடாகவே இருக்கின்றன. வீட்டுக்குச் சராசரியாக 115 வாட் வீணாகிறது என்று வைத்தால் ஆண்டுக்கு 1,000 யூனிட். 4,000 யூனிட் பயன்படுத்தும் வீட்டுக்கு இது கால்பங்குச் சுமை. நன்றாகக் காப்பிட்டு 2,000 யூனிட்டோடு நிறுத்தும் வீட்டுக்குப் பாதிச் சுமை. சிக்கனமான கட்டடத்தில் வெப்ப வலையின் வீண்செலவு விகிதம் உயர்ந்து தெரிவது இதனால்தான்.

அந்த 1,000 யூனிட்டுக்கு யாராவது கொடுத்தாகவேண்டும். யூனிட் விலையில் ஏற்றினால் அதிகம் பயன்படுத்துபவர் கொடுக்கிறார். நிலைக் கட்டணத்தில் ஏற்றினால் எல்லோரும் சமமாகக் கொடுக்கிறார்கள், ஊருக்குப் போய்ப் பூட்டிக்கிடந்த வீடு உட்பட. நிலைக் கட்டணத்தில் பராமரிப்பு, மீட்டர் கணக்கு, எதிர்காலத்தில் பாய்லர் மாற்றும் நிதி ஆகியவையும் சேரும். நியாயமா என்றால், கணக்கைக் காட்டினால் நியாயம். ‘எவ்வளவு யூனிட் உற்பத்தியாகிறது, எவ்வளவு மீட்டர்களில் பதிவாகிறது’ என்ற இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். முதலாவதில் பாதிக்கும் கீழே இரண்டாவது இருந்தால், குடியிருப்பவர்கள் வலையின் கோளாறுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

வெப்ப வலை இயற்கையாகவே ஏகபோகம். மின்சாரத்தைப் போல நிறுவனத்தை மாற்றிக்கொள்ள முடியாது. டென்மார்க் 1979ஆம் ஆண்டின் வெப்ப வழங்கல் சட்டத்தின் வழியாக இதை நேராகக் கையாண்டது: செலவுக்கு மேல் லாபம் வைத்து விற்கக்கூடாது. பிரிட்டனில் நெடுநாள் அப்படி ஒன்றும் கிடையாது. வீட்டு கேஸ் விலைக்கு இருந்த உச்சவரம்பு, பொது பாய்லருக்கு வாங்கும் கேஸுக்குப் பொருந்தவில்லை. அதனால் 2022இல் எரிவாயு விலை ஏறியபோது வெப்ப வலை வீடுகள் பலமாக அடிபட்டன. 2023ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டத்தின்படி கேஸ், மின்சாரச் சந்தையை மேற்பார்க்கும் ஆஃப்ஜெம் அமைப்பு வெப்ப வலைகளுக்கும் கட்டுப்பாட்டாளராக நியமிக்கப்பட்டு, கட்டுப்பாடு 2026 சனவரியில் நடைமுறைக்கு வந்தது.

## மரம் பசுமையா?

புகைபோக்கியில் அளந்தால் பதில் சங்கடமானது. ஒரு யூனிட் வெப்ப ஆற்றலுக்கு மரம் சுமார் 400 கிராம் கரியமில வாயு விடுகிறது, இயற்கை எரிவாயு 200 கிராம். இரண்டு மடங்கு. ஆனாலும் எரிசக்திக் கணக்கில் மரம் பூச்சியம் என்று பதிவாகிறது. பன்னாட்டுக் கணக்கு முறையில், மரம் வெட்டப்படும்போதே அந்த இழப்பு நிலப் பயன்பாட்டுப் பகுதியில் எழுதப்படுகிறது. எரிக்கும்போது மறுபடி எழுதினால் இரட்டைக் கணக்கு ஆகும் என்பது வாதம். வாதம் சரிதான், வெட்டிய நாடு ஒழுங்காகக் கணக்கு எழுதினால்.

எந்த மரம் என்பதைப் பொறுத்தே உண்மை நிலை அமையும். அறுவை ஆலைத் தூள், காட்டில் மட்கப்போகும் கிளைகள் ஆகியவை எப்படியும் சில ஆண்டுகளில் அந்த வாயுவை விட்டிருக்கும்; அவற்றை எரிப்பதில் கூடுதல் பாதிப்பு குறைவு. நின்ற மரத்தை எரிபொருளுக்கென்றே வெட்டினால், அதை ஈடுகட்டப் புதிய மரம் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் திருத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நெறிமுறை, மரத்தை முதலில் மரச்சாமானாகவும் கட்டுமானப் பொருளாகவும் பயன்படுத்தவேண்டும், எரிப்பது கடைசி என்ற வரிசையைச் சேர்த்தது. தாமதமாக வந்த விதி என்றே சொல்வேன்.

நுண்துகள் புகை இன்னொரு கேள்வி. நூறு வீட்டு அடுப்புப் புகையைத் தனித்தனியாக வடிகட்டுவது கடினம். ஒரே நிலையத்தின் புகைபோக்கியில் மின்னியல் வடிகட்டியோ துணிப்பை வடிகட்டியோ மாட்டலாம். அந்த வகையில் பொது உலை மேல்.

மானியம் எதை அளந்து தரப்படுகிறது என்பதும் முக்கியம். வட அயர்லாந்து 2012இல் தொடங்கிய வெப்ப ஊக்கத்தொகைத் திட்டத்தில், உற்பத்தியான ஒவ்வொரு யூனிட்டுக்கும் எரிபொருள் விலைக்கு மேல் பணம் தந்தார்கள், உச்சவரம்பு வைக்கவில்லை. எரிக்க எரிக்க லாபம் என்றானது. திட்டம் 2016இல் மூடப்பட்டது. அதன்மேல் எழுந்த சண்டையில் 2017 சனவரியில் அங்கே ஆட்சியே கவிழ்ந்து, மூன்று ஆண்டுகள் அரசு அமையவில்லை.

## பாய்லர் மாறும், குழாய் இருக்கும்

பயோமாஸ் பாய்லரின் ஆயுள் 20 ஆண்டு அளவில். மண்ணுக்கடியில் பதித்த குழாய் அதைவிட நெடுநாள் உழைக்கும். அதாவது இன்று மரத்துக்காகப் பதித்த குழாய் நாளை வேறொரு வெப்ப மூலத்துக்கும் உழைக்கவேண்டும். வரிசையில் முன்னால் நிற்பது பெரிய வெப்ப பம்ப். ஆறு, கடல், கழிவுநீர், தரவு மையம் என எங்கிருந்தும் வெப்பத்தை உறிஞ்சி ஏற்றித் தரும் இயந்திரம். அது குறைந்த வெப்பநிலையில்தான் சிக்கனமாக ஓடும். 60இல் போய் 30இல் திரும்பும் வலையில் அதைப் பொருத்துவது எளிது. 85இல் போய் 65இல் திரும்பும் வலையில் மின்சாரம் விழுங்கும்.

டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரம் நிலக்கரி மின்நிலையத்திலிருந்து வந்த வெப்பத்தை விட்டபோது ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. கடல்நீர் வெப்ப பம்பும் மரச்சில்லு பாய்லரும் ஒரே வலையில் சேர்ந்து இயங்குகின்றன. காற்றாலை மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் நேரத்தில் பம்ப். மின்சாரம் விலையேறிக் குளிரும் கூடும் நாட்களில் மரம். வீட்டுக்குள் இருக்கும் வெள்ளைப் பெட்டி எதற்காகவும் மாற்றப்படவேண்டியதில்லை.